பிள்ளை கையிலே பசை: விளையாட்டு விமானம் ஒட்டும் வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

நல்லூர்த் திருவிழாக் காலம் வந்துவிட்டால் மண்டைதீவு வீடுகளிலும் வெளிநாட்டுப் பயணப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வருகின்ற மாமன்மாரும் சித்தப்பாமாரும் மருமக்களுக்கென்று கொண்டுவரும் பண்டங்களிலே, இனிப்புக்கு அடுத்தபடியாக இப்போது இடம்பெறுவன பிளாஸ்ரிக் மாதிரியுருப் பெட்டிகள். பெட்டியின் மேலே முகிலைக் கிழித்துக்கொண்டு பறக்கும் ஆகாயவிமானத்தின் படம். உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில் காய்த்துத் தொங்குவன போலச் சிறகும் வாலும் சில்லுமாகப் பல துண்டுகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கொய்து ஒட்டினால் விமானம் உருவாகும். ஒட்டுவதற்கு வேண்டிய பசை மாத்திரம் அப்பெட்டியில் பெரும்பாலும் இராது.

மாமன் மறந்துபோனார் என்று அவரைக் குறைகூற வேண்டியதில்லை. இவ்வகைப் பெட்டிகளிற் பெரும்பாலானவை பசையின்றியே விற்கப்படுகின்றன. தனியே வாங்கிக் கொண்டுவர அவர் விரும்பினாலும் ஆகாயவிமானப் பயணியின் பெட்டியில் அதற்கு இடமில்லை. பிளாஸ்ரிக்கை ஒட்டும் பசை எளிதில் தீப்பற்றும் திரவமாதலால் விமானத்தில் எடுத்துச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அதுவும் ஒன்று. ஆகவே விமானம் கடல் கடந்து வந்து சேர, பசையைத் தேடிப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகும் வேலை தாய்க்கோ தந்தைக்கோ வந்து வாய்க்கின்றது. இக்கட்டுரை அந்தப் பயணத்தை மேற்கொள்ளவிருப்போருக்காகவே எழுதப்படுகின்றது.

கடைத்தெருவில் "பிளாஸ்ரிக் ஒட்டப் பசை வேண்டும்" என்று கேட்டால் என்ன கிடைக்கும்? புத்தகக் கடையில் சூப்பர் குளூ என்னும் சிறு ரியூப்பை எடுத்துத் தருவார்கள். இரும்புக் கடைக்காரர் தண்ணீர்க் குழாய் பொருத்தும் பசையைத் தருவார். இன்னொருவர் சப்பாத்துத் தைப்போர் பூசும் மஞ்சள் நிறப் பசையைக் காட்டி, "இதற்கு ஒட்டாத பொருளே இல்லை" என்று உறுதி கூறுவார். அவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் ஒட்டக்கூடியவையே. ஆயின், ஆறு வயதுப் பிள்ளையொன்று பாயிலே குந்தியிருந்து முகத்தைக் குனிந்து வேலை செய்யும் இடத்தில் இவற்றைத் திறந்து வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கடைக்காரர் கேட்பதில்லை. நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பசைகளைப்பற்றிப் பேசுமுன் ஒட்டப்படும் பொருளைச் சிறிது அறிந்துகொள்வோம். மாதிரியுருக்கள் பெரும்பாலும் பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. இதன் பிறப்பு விசித்திரமானது. 1839ஆம் ஆண்டு ஜெர்மனியில் எடுவார்ட் சீமோன் என்னும் மருந்தாளர், வாசனைத் திரவியமாகப் பயன்பட்ட ஒரு மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஒருவகை எண்ணெயைப் பெற்றார். சில நாட்களின் பின் அவ்வெண்ணெய் தானாகவே தடித்து இறுகிப்போயிருந்தது. மரத்தில் வடிந்த பிசின் ஒன்றிலிருந்து இப்பிளாஸ்ரிக்கின் வரலாறு தொடங்கிற்று என்றால், அதனைப் பிசின் கொண்டு ஒட்ட இயலாமலிருப்பது வேடிக்கைதானே! 1950களில் இங்கிலாந்தின் எயார்பிக்ஸ் கம்பனி ஸ்பிற்பயர் விமானத்தின் சிற்றுருவை இதே பொருளில் வார்த்து, பைகளிலிட்டு மலிவு விலைக்கு விற்கத் தொடங்கியது. அன்றுமுதல் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவிற்று.

சோற்றுப் பசையும் மாப் பசையும் கடதாசியை ஒட்டுவது எப்படி? கடதாசியின் நார்களுக்கிடையே பசை புகுந்து, அதிலுள்ள நீர் உலர்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்கின்றது. பொலிஸ்ரைரீனிலோ புகுவதற்கு நார் இல்லை, நுழைவதற்குத் துளை இல்லை. கண்ணாடி போன்ற அதன் மேற்பரப்பில் மாப் பசை உலர்ந்து பொருக்காகக் கழன்று விழுந்துவிடும். ஆகையால் மாதிரியுருவுக்கென்றே செய்யப்படும் பசை, பிளாஸ்ரிக்கின் மேற்புறத்தைச் சிறிதளவு கரைத்து இளக்குகின்றது. இளகிய இரு முகங்களையும் அழுத்திப் பிடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பின்னர் கரைப்பான் ஆவியாகிப் போக, இரண்டு துண்டும் ஒரு துண்டாகி நிற்கும். உண்மையில் இது ஒட்டுதல் அன்று. உலோகத்தைப் பற்றவைப்பது போன்ற வேலை.

இங்கேதான் நாம் கவலைப்படவேண்டிய செய்தி இருக்கின்றது. கரைப்பான் பிளாஸ்ரிக்கினுள் என்றும் தங்கிவிடுவதில்லை; ஆவியாகி வெளியேறுகின்றது. வெளியேறிய ஆவி எங்கே போகும்? ஒட்டும் வேலைக்குக் குனிந்திருக்கும் பிள்ளையின் மூக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றது.

முற்காலத்துப் பசைகளில் தொலுயீன் என்னும் கரைப்பான் மிகுதியாகக் கலக்கப்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்தால் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், மயக்கம் உண்டாகும். நெடுங்காலம் மிகுதியாகச் சுவாசித்தால் மூளையும் நரம்புகளும் கேடுறும். அதன் ஆவி காற்றிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு பாரமானது. ஆகவே பசை திறந்திருக்கும் இடத்தில் தாழ்ந்து தரையை ஒட்டிப் பரவும். மேசையருகில் நிற்கும் தந்தைக்கு மணம் மெல்லியதாய்த் தோன்றும்போது, தரையில் இருக்கும் பிள்ளை அதைவிடச் செறிந்த ஆவியை உட்கொள்ளக்கூடும். சிறுபிள்ளை தன் உடற்பாரத்துக்கு ஒப்பிடுமிடத்து வளர்ந்தவரைவிட மிகுதியான காற்றைச் சுவாசிக்கின்றது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். தொய்வு வருத்தமுள்ள பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

மேனாடுகளில் 1960களிலே இப்பசையின் ஆவியை வேண்டுமென்றே மோந்து மயங்கும் கெட்ட பழக்கம் சிறுவரிடையே தலைகாட்டிற்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரெஸ்ரர்ஸ் கம்பனி தனது பசையிலே கடுகின் காரத்தைத் தரும் எண்ணெயைக் கலந்து விற்கத் தலைப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனவன் கண்ணீர் வடித்துக்கொண்டு பசையை எறிந்துவிட்டு ஓடவேண்டும் என்பது உபாயம். குழம்புக்குத் தாளிக்கும் கடுகு இத்தகைய காவல் வேலையும் பார்த்திருக்கின்றது! ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒருபடி மேலே சென்று, நூற்றுக்கு 0.1 பங்கு அல்லது அதற்கு மேல் தொலுயீன் கலந்த பசைகளைப் பொதுமக்களுக்கு விற்பதை 2007ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து தடைசெய்தது. ஆகையால் இக்காலத்தில் அங்கே விற்கப்படும் மாதிரியுருப் பசைகளில் பியூற்றைல் அசற்றேற்று, அசற்றோன், மெதைல் எதைல் கீற்றோன் முதலிய வேறு கரைப்பான்கள் உள்ளன. இவை தொலுயீனைவிடத் தீமை குறைந்தவை எனலாம். தீமையற்றவை எனல் ஆகாது. தலையைச் சுற்றவைப்பதில் இவையும் வல்லவை. தீப்பற்றுவதிலோ சில அதனையும் மிஞ்சியவை.

தீயைப்பற்றி இரண்டு வார்த்தை கூறாமல் அப்பாற் செல்ல மனம் இடந்தரவில்லை. அசற்றோன் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை செல்சியசிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். தொலுயீன் 4 பாகையளவில் எழுப்பும். நமது தீவில் மார்கழிக் குளிரிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. எனவே இப்பசைகள் நம் வீடுகளில் எக்காலமும் தீக்கு ஆயத்தமாகவே இருக்கின்றன. மாலையில் ஏற்றிய விளக்கு, கதிரையின் கீழே புகையும் நுளம்புத்திரி, விறாந்தையில் இருக்கும் தாத்தாவின் சுருட்டு ஆகிய மூன்றும் நமது வீடுகளில் மாலைப்பொழுதில் ஒருங்கே கூடுவன. அந்நேரத்தில் அவ்விடத்தில் விமானம் ஒட்டுதல் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒட்டினால் கண்ணுக்கும் நல்லது.

இனி, சூப்பர் குளூ. இதனுட் பொருள் சயனோ அக்கிரிலேற்று என்பது. பெயரின் முற்பகுதியைக் கேட்டுச் சயனைட்டு நஞ்சோ என்று அஞ்சுவார் உளர், அஃதன்று. 1942ஆம் ஆண்டு, உலக யுத்த காலத்தில், துப்பாக்கியின் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்ரிக் தேடிய ஹரி கூவர் என்னும் அமெரிக்க இரசாயனர் இதனைக் கண்டார். தொட்டவற்றில் எல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை தந்தமையால் அப்போது ஒதுக்கிவைத்துவிட்டார். 1951இல் அதே தொல்லை அவருக்கு வேறு வெளிச்சத்தில் தோன்றியது. 1958இல் அது பசையாகக் கடைக்கு வந்தது. இப்பசை உலர்ந்து இறுகுவதில்லை. ஈரம் பட்டு இறுகுகின்றது. காற்றிலுள்ள சிறு ஈரமே அதற்குப் போதும். நாற்புறமும் கடல் சூழ்ந்த மண்டைதீவில் அது இறுகும் வேகத்தைச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளையின் விரலில் வியர்வை, உதட்டில் எச்சில், கண்ணிலே நீர் உண்டு. ஆகவே விரலோடு விரலும், உதட்டோடு உதடும், இமையோடு இமையும் கணப்பொழுதில் ஒட்டிக்கொள்கின்றன.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் சூப்பர் குளூவைக் கொடுத்தல் கூடவே கூடாது என்பது எமது துணிபு. பெரியவர் ஒட்டுமிடத்திலும் ஒரு நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். இப்பசை பருத்தித் துணியின்மேல் சிந்தினால் மிக விரைவாக இறுகிக் கடுஞ்சூட்டை எழுப்பும். தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். பருத்தி வேட்டியோடு சம்மணமிட்டு மடியில் வைத்து ஒட்டுகின்ற தகப்பன்மார் இதனைக் கருத்திற் கொள்வாராக. கைக்குப் பாதுகாப்பு என்று பருத்திக் கையுறை அணிவது ஆபத்தைக் கைக்குள்ளேயே இட்டுக்கொள்வதாகும். மேலும், இந்த ரியூப்பின் உருவம் கண்ணுக்கு விடும் மருந்துச் சிமிழின் உருவத்தை ஒத்தது. மருந்தென்று எண்ணிப் பசையைக் கண்ணில் விட்ட சம்பவங்கள் பல நாட்டு வைத்தியர்களால் பதிவுசெய்யப்பட்டுள்ளன. மருந்துப் பெட்டியிலோ சாமி படத்தட்டின் ஓரத்திலோ இதனை வைத்தல் வேண்டாம். பார்வை குறைந்த முதியோர் உள்ள வீட்டில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஒட்டிவிட்டால் என்ன செய்வது? விரல்கள் ஒட்டினால் இழுத்துப் பிரித்தல் ஆகாது, தோல் உரிந்துவிடும். இளஞ்சூட்டு நீரிலே சவர்க்காரத்தைக் கரைத்து விரலை ஊறவைத்து, மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் பலவந்தமாக இமையைத் திறக்க முயலாமல், சுத்தமான நீரால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நெயில் பொலிஷ் அகற்றும் அசற்றோனைக் கண்ணருகே கொண்டுபோதல் பெரும் பிழை.

குழாய்ப் பசையும் சப்பாத்துப் பசையும் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. குழாய்ப் பசை பொலிஸ்ரைரீனையும் கரைத்து நன்றாகவே ஒட்டும். அதனாலேதான் அது ஆபத்தானது. ஒருமுறை ஒட்டிப் பார்த்தவர் மறுமுறையும் அதனையே தேடுவார். அதன் ஆவி மிகக் கடுமையானது, வேலைத்தளத்துக்கு உரியது. சப்பாத்துப் பசையில் தொலுயீன் போன்றவை இன்றும் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அப்படியாயின் சிறுபிள்ளைகளுக்கு ஏற்றது எது? மாதிரியுருக் கலையில் ஊறியவர்கள் இப்போது லிமோனீன் கலந்த பசையை விதந்து கூறுகின்றனர். தோடம்பழச் சாறு பிழிந்தபின் எஞ்சும் தோலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய்ச் சத்தே லிமோனீன். பொலிஸ்ரைரீனைக் கரைக்கும் ஆற்றல் இதற்கும் உண்டு. ஆயினும் மெதுவாகவே ஆவியாகும். அறையை நிரப்பித் தலையைப் பிளக்காது. தீப்பற்றத்தக்க ஆவி எழுப்ப இதற்கு 48 பாகையளவு வெப்பம் வேண்டும். முன்னே சொன்னவற்றோடு ஒப்பிட்டால் இது பெரும் நன்மை.

அயல்வீட்டு ஆச்சி ஒருவர், மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய இத்தகைய போத்தலொன்றைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "மாஸ்ரர், தோடம்பழ வாசம் வருகுது. பழத்திலை செய்த பசையாம். பேரன் விரலை நக்கினாலும் பிழையில்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை ஆச்சி, வாசம்தான் பழம், உள்ளே இருக்கிறது மண்ணெண்ணெய் மாதிரி ஒரு சாமான்" என்றேன். ஆச்சிக்கு அது உடனே விளங்கிவிட்டது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையின் கதை அறியாத ஆச்சி நமது நாட்டில் உண்டா?

ஒப்புமை மிகையன்று. லிமோனீனை விழுங்கினால் அது வயிற்றைவிடச் சுவாசப்பைக்கே பெருங்கேடு செய்யும்; வாந்தியெடுக்கும்போது சுவாசக் குழாய்க்குள் இறங்கிவிடும். ஆகவே எந்தக் கரைப்பான் பசையைப் பிள்ளை விழுங்கினாலும், உப்புத் தண்ணீர் பருக்கியோ தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. வாயைக் கழுவித் துடைத்து, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். நஞ்சுகள் பற்றி ஆலோசனை கூறுவதற்கென்றே கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இயங்குகின்றது. மண்டைதீவாருக்குப் பண்ணைப் பாலத்தைக் கடந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அண்மையிலேயே இருக்கின்றது. நெடுந்தீவுத் தாய்மாருக்கு இடையிலே கடல் கிடக்கின்றது; எச்சரிக்கையில் அவர்கள் எம்மிலும் ஒருபடி மிகுந்திருத்தல் நன்று. தோலில் அடிக்கடி பட்டாலும் லிமோனீன் சிலருக்குச் சொறியையும் தடிப்பையும் உண்டாக்கும். பழைய போத்தலில் காற்றுப்பட்டுக் கிடந்தது கூடுதலாக உண்டாக்கும்.

நறுமணம் உள்ளது நல்லது, நாறுவது கெட்டது என்னும் எண்ணத்தை இவ்விடயத்தில் விட்டுவிடுதல் வேண்டும். போத்தலின்மேல் எழுதியிருப்பதே சான்று. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் தீச்சுவாலை வரைந்திருந்தால் தீப்பற்றும் என்பதும், வியப்புக்குறி இருந்தால் எரிச்சல் உண்டாக்கும் என்பதும், மனித நெஞ்சின்மேல் நட்சத்திரம் வெடித்தது போன்ற படம் இருந்தால் உடலுக்குள் பாரிய கேடு விளைக்கும் என்பதும் பொருள். இந்தச் சின்னங்கள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. மொழி தெரியாத தாயும் படித்தறியலாம். என்ன கலந்திருக்கின்றது என்று எழுதாத போத்தலை எவ்வளவு மலிவானாலும் வாங்கவேண்டாம். "நஞ்சற்றது" என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. சொன்னபடி பாவித்தால் தீங்கில்லை என்பதே அதன் கருத்து. தின்னலாம் என்பது அன்று.

பைன்டர் கம் என்று நம்மவர் வழங்கும் வெள்ளைப் பசையை இவ்வளவு நேரமும் மறந்துவிட்டேன் என்று சிலர் எண்ணக்கூடும். தண்ணீரிலே கரையும் அப்பசை ஆவியால் துன்புறுத்தாது. கையில் பட்டால் கழுவிப் போக்கலாம். பிளாஸ்ரிக்கில் அதன் பிடி உறுதியானதன்று. விமானத்தின் சிறகு ஒரு தட்டில் கழன்றுவிடும். ஆனால் விமானியின் கண்ணாடிக் கூட்டுக்கு இதைப்போன்ற பசை வேறில்லை. கரைப்பான் பசையும் சூப்பர் குளூவும் தெளிந்த பிளாஸ்ரிக்கின்மேல் பனிபடர்ந்தது போன்ற மங்கலை உண்டாக்கும். வெள்ளைப் பசையோ உலர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் செய்யும் ரெஜிபோம் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் இதுவே உரியது. ரெஜிபோமும் காற்றேற்றி ஊதிய பொலிஸ்ரைரீனே; கரைப்பான் பசை ஒரு துளி பட்டால் குழி விழுந்து உருகிப்போகும். இரவிரவாக விழித்திருந்து கட்டிய ரெஜிபோம் வெளிச்சவீடு விடியுமுன் இடிந்து விழுந்ததைக் கண்டு பிள்ளை அழுவதை எமது ஆசிரியத் தொழிலில் ஒரு முறைக்குமேல் பார்த்திருக்கிறோம்.

வயதைப்பற்றியும் கூறவேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் பசையைவிடத் துண்டுகளே முதல் ஆபத்து, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெட்டியில் 0-3 என்று எழுதிக் குறுக்கே கோடிட்ட வட்டம் அதனையே சொல்கின்றது. அண்ணன் விமானம் ஒட்டும்போது தவழும் தங்கையை யார் பார்ப்பது என்பதை முன்னதாகவே முடிவுசெய்துகொள்ள வேண்டும். நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பசையே வேண்டாத மாதிரியுருக்கள் கிடைக்கின்றன. ஒரு துண்டின் முளை மற்றத் துண்டின் துளையில் இறுகிப் பொருந்தும்படி வார்க்கப்பட்டவை அவை. வெளிநாட்டு உறவினருக்கு எழுதும்போது, "பசை தேவையில்லாத பெட்டியாக வாங்கி வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

இது நமக்குப் புதிய வித்தையும் அன்று. தென்னங்குரும்பையில் ஈர்க்குக் குத்தித் தேர் கட்டிய தலைமுறையினர்தாமே நாம்! அந்தத் தேருக்கு எந்தக் கடைப் பசை வேண்டியிருந்தது? 1990ஆம் ஆண்டு தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து பட்டினத்திலும் வலிகாமத்திலும் தங்கியிருந்த காலத்தில், பொருளாதாரத் தடை காரணமாகப் பற்றரியும் பெற்றோலும் காணாத நாட்களில், சிறுவரான நாங்கள் வெறும் பால்மாப் பேணியும் ஊமலும் கொண்டு வண்டி செய்து உருட்டினோம். பட்டம் ஒட்டுவதற்குச் சோறு இருந்தது. சோறு குறைந்த நாளில் பட்டமும் குறைந்தது. பட்டம் ஒட்டுவோர் இன்றும் அதே பசையைக் கைவிடவில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானத்தை மறைத்தெழும் பட்டங்களைப் பார்த்தவர்க்குக் கடதாசியும் பசையும் சேர்ந்தால் எத்தகைய அற்புதங்கள் பிறக்கும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே சின்னப்பிள்ளைக்கு முதலிற் கடதாசி மாதிரியுருவையே கொடுத்துப் பழக்கலாம் என்பது என் எண்ணம். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையை மட்டையில் வெட்டி ஒட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதுமான வேலை. பிள்ளைக்குக் கப்பலில் விருப்பமானால், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலின் கதையைச் சொல்லிக்கொண்டே ஒட்டலாம். பசை செய்வது எளிது. ஒரு பங்கு கோதுமை மாவைச் சிறிது குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைத்து, நான்கைந்து பங்கு நீர் சேர்த்து, இளந்தீயில் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். 60 பாகையைத் தாண்டும்போது மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கண்ணாடி போலாகும், அதுவே பதம். இரண்டு நாளில் புளித்துவிடும். புளித்தால் எறிந்துவிட்டு வேறு காய்ச்சுவதே முறை. புத்தகம் கட்டுவோரும் சுவரொட்டி ஒட்டுவோரும் பூச்சி அரியாதிருக்கத் துருசு கலப்பதுண்டு. துருசு நஞ்சு. அச்சகத்தில் எஞ்சிய பசையென்று யாரேனும் கொடுத்தால், நீலம் பாரித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெரியவர் ஒருவரோடு கூடியிருந்து லிமோனீன் பசையால் ஒட்டலாம். போத்தலைப் பெரியவர் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று துளியைப் பீங்கானிலோ பேணி மூடியிலோ விட்டு, பிள்ளைக்கு ஓர் ஈர்க்கைக் கொடுத்துத் தொட்டுப் பூசச் சொல்லலாம். பிளாஸ்ரிக் தட்டில் விட்டால் தட்டும் கரையும். துண்டுகளை முதலிற் பசையின்றிப் பொருத்திப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, மூட்டின் ஓரத்தில் பசை தோய்ந்த ஈர்க்கின் நுனியைத் தொட்டால் போதும். திரிநூலில் எண்ணெய் ஏறுவது போல அது தானாக உள்ளே ஓடிவிடும். அதிகம் பூசினால் உறுதி கூடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கூடாது, பிளாஸ்ரிக் இளகி உருக்குலையும். இரப்பர் வளையத்தாலோ துணிக்குத்தும் கிளிப்பாலோ பிடித்து ஓரிரவு விட்டுவிட வேண்டும். சாப்பாட்டுக் கோப்பையை அந்த மேசைக்குக் கொண்டுவரலாகாது. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

இருக்கும் இடம் விறாந்தையாகட்டும். நமது தீவில் காற்றுக்குப் பஞ்சமில்லை. சோளகம் வீசும் மாதங்களில் தேவைக்கு மேலாகவே உண்டு. காற்றைப் பக்கவாட்டில் ஏற்று இருப்பதே சிறந்தது. முதுகுப்புறமாக வீசினால் உடம்பு தடுப்பதால் முகத்தின் முன்னே காற்றுச் சுழன்று ஆவியை மூக்குக்கே திருப்பிக் கொண்டுவரும். முகத்துக்கு நேரே வீசினால் சொல்லவே வேண்டாம். சிறு துண்டுகளைக் காற்று அள்ளிக்கொண்டு போகாதிருக்க ஒரு சுளகில் இட்டு வைத்தால் நன்று. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வளவைச் சுற்றி வரட்டும். தலையிடிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைய வேலை அவ்வளவில் நிற்கவேண்டும்; சிறகு நாளைக்கும் ஒட்டும்.

முடிந்தபின் மூடியை இறுக்கிப் பூட்டக்கூடிய அலுமாரியில், வெயில் படாமல், பழைய சோடாப் போத்தலுக்கு மாற்றாமல் அதன் சொந்தப் போத்தலிலேயே வைக்கவேண்டும். மிஞ்சிய பசையைக் கிணற்றடியிலோ கடலிலோ ஊற்றுதல் ஆகாது. வெறும் ரியூப்பென்று எண்ணி வளவில் கூட்டிய குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது நமது வழக்கம். உள்ளே எஞ்சியிருக்கும் கரைப்பான் நெருப்பில் வெடித்துச் சிதறும். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், வீட்டுக்கு வெளியே, நெருப்புக்கு அப்பால் மூடியைத் திறந்து இரண்டு நாள் காயவிட்டு, முற்றாக இறுகிய பின்னர் குப்பை ஏற்ற வரும் பிரதேச சபை வண்டியிற் சேர்த்துவிடலாம்.